ஒரே அரளியில் இரண்டு புழுக்கள்

புழுவுக்குப் பெயர் சொல்ல, முதலில் அது மேயும் செடியைப் பார்க்க வேண்டும். எருக்கு, எலுமிச்சை, ஆமணக்கு என்று செடியே பாதி விடையைச் சொல்லிவிடும். அரளியில் அது போதாது. வாய்க்கால் கரையிலோ நந்தவனத்திலோ நிற்கும் ஒரே அரளியில் இரண்டு வகைப் புழுக்கள் மேயலாம். ஒன்று, 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. மற்றது, வெண்புள்ளிக் கருப்பன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு.

நான் கிளையைப் பார்க்கும் முன் தரையைப் பார்ப்பேன். மிளகைவிடப் பெரிய, வரிவரியாகப் பள்ளம் விழுந்த எச்சம் உதிர்ந்து கிடக்க, மேலே கொப்பு மொட்டையாக நின்றால் பருந்தின் புழு அங்கேதான் எங்கோ இருக்கிறது. கருப்பனின் புழு இலையின் நடுநரம்பைக் கடித்து, பால் வடிவதைக் குறைத்துக்கொண்டு பிறகுதான் தின்னும். துவண்டு தொங்கும் இளந்தளிர் அதற்குத் தடயம்.

பருந்தின் புழு வளர்ந்தால் விரல் நீளம் இருக்கும். பச்சை உடம்பு, பக்கத்தில் வெள்ளைக் கோடு, வால்பக்கம் ஒற்றைக் கொம்பு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிடரி உப்பி, அங்குள்ள இரண்டு நீலப் பொட்டுகள் விழித்துப் பார்ப்பதுபோலத் தெரியும். முதல் முறை பார்த்தபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கருப்பனின் புழுவுக்குக் கொம்பே கிடையாது. உடம்பெல்லாம் வரிகள், முதுகில் நான்கு ஜோடி கருப்பு இழைகள். எருக்கில் மேயும் வரிப்புழுவுக்கு மூன்று ஜோடிதான். எண்ணிப் பார்த்தால் குழப்பம் தீரும்.

நிறத்தை நம்பக் கூடாது. பருந்தின் புழு கூட்டுப்புழுவாகும் முன் பழுப்பாகிவிடும். சிறு வயதில் நீண்டு கறுத்திருக்கும் கொம்பும் பின்னர் குட்டையாகி மஞ்சளாகும். கொம்பு கொட்டும் என்று பயந்து நசுக்குகிறார்கள். கொட்டாது. கருப்பனின் இழைகளும் அப்படித்தான். அரிப்பு தருவது கம்பளிப்பூச்சியின் மயிர்.

அந்துப்பூச்சி என்றால் மங்கல், வண்ணத்துப்பூச்சி என்றால் அழகு என்ற பேச்சு இங்கே தலைகீழ். பச்சையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பளிங்குக்கல் போன்ற சிறகோடு அந்தியில் பறப்பது பருந்து அந்துப்பூச்சி. பகலில் இலைகளுக்கு நடுவே அது கண்ணில் படாது. கருப்பன் பெயருக்கேற்ற கருப்பு, சிறகோரத்தில் வெண்புள்ளிகள். பறவைகள் பெரும்பாலும் சீண்டாததால் பகலில் நிதானமாகப் பறக்கும். அதன் அழகெல்லாம் கூட்டுப்புழுவில். இலையடியில் வெள்ளித் தொங்கட்டான்போல மின்னிக்கொண்டிருக்கும்.

பருந்தின் புழுவோ கீழே இறங்கிச் சருகுக்குள் புகுந்துதான் கூட்டுப்புழுவாகும். சருகைக் கூட்டிக் கொளுத்தினால் கருப்பன் தப்பும், பருந்து சாம்பலாகிவிடும். அரளியடியில் ஒரு முழ அகலத்துக்காவது சருகை விட்டுவைக்கும்படி எங்கள் நந்தவனத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டிருக்கிறேன்.