கண்ணும் கருவியும்: அலுமினியப் பரப்பின் தரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்புச் சந்தையில் அலுமினியச் சட்டி வாங்கும் தாய்மார் அதனை வெளிச்சத்திற்குத் திருப்பிப் பார்ப்பர். உட்புறத்தை விரலால் தடவுவர். விளிம்பைச் சுண்டி ஓசை கேட்பர். தரம் பற்றிய தீர்ப்பு அங்கே கண்ணுக்கும் கைக்கும் செவிக்கும் உரியது. இத்தீர்ப்பு எண்ணாக மாறிய வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

1886இல் ஹோலும் எரூவும் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்டறியும்வரை அலுமினியம் ஓர் அரும்பொருளே. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1898இல், சென்னைக் கலைப் பள்ளியில் அல்பிரட் சாற்றர்டன் அலுமினியப் பாத்திர உற்பத்தியைத் தொடக்கி வைத்தார். நலிவுற்றிருந்த உலோக வினைஞருக்குப் புதுவழி காண்பது அவர்தம் நோக்கம். 1903இல் அம்முயற்சி தனியார் கம்பனியொன்றின் கைக்கு மாறியது. (அரசு தானே கைத்தொழில் நடத்துவதை 1910இல் மோர்லி பிரபு ஏற்க மறுத்தமை தனியே ஆராயத்தக்கது.) பித்தளைக் குடத்தில் சுத்தியலின் தடம் வினைஞனின் கைவண்ணம் எனப் போற்றப்பட்டது. பொறியில் அழுத்திய அலுமினியத்திலோ அத்தகைய தடமே குறையாயிற்று. பரப்பின் குறை என்பது செய்முறையோடு மாறும் கருத்து என்பதை இதனால் உணரலாம்.

பரப்பின் கரடுமுரடை ஊசிமுனையால் வருடி அளக்கும் கருவிகள் 1930களில் உருவாயின. இங்கிலாந்தின் ‘டாலிசர்ஃப்’ 1941இல் வந்தது. எனினும் நம் பிரதேசத்தார்க்கு மிக நெருங்கியது வேறொரு நிகழ்ச்சியே. கடல்விமானங்களின் அலுமினியக் கலப்புலோக உறுப்புகளை உப்புநீர் அரித்தமையால், 1923இல் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் மின்னாற்றலால் ஒட்சைட்டுப் படலத்தைத் தடிப்பாக்கும் முறையை வகுத்தனர். இன்று சர்வதேச நியமம் 7599 இத்தகைய படலங்களின் தடிப்பை மைக்குரோமீற்றரில் வகைப்படுத்துகிறது.

இங்கே சுவையான செய்தி ஒன்றுண்டு. நியமங்கள் கண்ணை முற்றாக ஒதுக்கிவிடவில்லை. அதற்கு ஒழுங்கு விதித்தன. அலங்காரப் பொருளை 0.5 மீற்றரிலும், கட்டிடத்தின் உட்புற உறுப்பை 3 மீற்றரிலும், வெளிப்புற உறுப்பை 5 மீற்றரிலும் நின்று நோக்குவது வழக்காயிற்று. இருதரப்பும் முன்கூட்டியே ஏற்ற மாதிரித் துண்டோடு ஒப்பிடுதலும் உண்டு. அத்தொலைவில் தெரியாத கீறல் குறையன்று. விற்பவர் மனம்போனபடி மறுக்கவோ, வாங்குபவர் மனம்போனபடி குறைகூறவோ இதனால் இடமில்லை.

ஆனால் கண்ணுக்கு ஓர் எல்லையுண்டு. 5 மைக்குரோமீற்றர்ப் படலமும் 20 மைக்குரோமீற்றர்ப் படலமும் கடையில் ஏறத்தாழ ஒன்றாகவே பொலியும். வேறுபாட்டைக் காட்டுவது காலமும் உப்புமே. கல்லடிக் கடற்காற்றிலோ வாவிக்கரையிலோ பொருத்திய யன்னற் சட்டத்தில், மெல்லிய படலத்தினூடே குளோரைட்டு புகுந்து சிறு குழிகளைத் தோண்டும். வெண்பூஞ்சணம் போன்ற அரிப்புத்தூள் பின்னரே வெளிப்படும். அப்போது பற்றுச்சீட்டே தொலைந்திருக்கும்!

இலங்கையில் 1964ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் நியமங்களுக்கெனப் பணியகமொன்றை நிறுவிற்று. 1984ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அது நிறுவனமாயிற்று. சட்டமும் எண்ணும் உள. அந்த எண்ணைச் சட்டத்தின் மேல் ஒட்டிய சீட்டில், வாங்குபவர் வாசிக்கக்கூடிய தமிழில், அச்சிடுவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.