'தாயகம் திரும்பியோர்': ஒரு சொல்லாட்சியின் வரலாறு

மலையகத் தமிழர் பற்றிய அரச ஆவணங்களிலும் ஆய்வுகளிலும் 'தாயகம் திரும்பியோர்' என்ற தொடர் எவ்வித ஐயமுமின்றி வழங்கி வந்துள்ளது. சொல் வழக்காறுகள் சமூக உறவுகளுக்குப் புறம்பானவையல்ல என்பதை ஏற்போமாயின், இத்தொடர் எதனை மறைக்கின்றது என வினவுதல் அவசியமாகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோருக்குப் பேச்சுவார்த்தை மேசையில் இடமிருக்கவில்லை.

இலக்கண நோக்கில் 'திரும்புதல்' தன்வினை, 'திருப்புதல்' பிறவினை. திருப்புவதற்கு ஒரு கருத்தா வேண்டும். திரும்புவோர் தாமே திரும்புகின்றனர். இவ்வொரு மெய்யெழுத்து வேறுபாட்டினுள் இரண்டு அரசுகள் மறைந்துகொண்டன. 'நாடுகடத்தல்' என்றிருப்பின் கடத்தியவர் யார் என்ற வினா எழுந்திருக்கும். மேலும், முன்னர் இருந்த இடத்துக்கே ஒருவர் திரும்ப முடியும். அனுப்பப்பட்டோரிற் பெரும்பாலோர் இத்தீவின் லயன் அறைகளிற் பிறந்தவர்கள். அவர்கள் 'திரும்பிய' ஊர் பாட்டன் பூட்டன் வாய்மொழியாக மட்டுமே அவர்களை எட்டியிருந்தது.

அவர்கள் விரும்பியே விண்ணப்பித்தனர் என வாதிடுவோர் உளர். இந்தியக் குடியுரிமை கோரியோர் தொகை ஒப்பந்தம் ஒதுக்கிய 525,000ஐ எட்டவேயில்லை. இலங்கைக் குடியுரிமை கோரியோரோ 300,000ஐ வெகுவாகத் தாண்டினர். மக்களின் விருப்பம் எதுவென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. விண்ணப்பித்தோரையும் 1973–74இன் தோட்டப் பட்டினியும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் கப்பலை நோக்கித் தள்ளின. கூலி உழைப்பாளி தன் உழைப்பைச் 'சுதந்திரமாக' விற்கின்றான் என்ற முதலாளித்துவப் புனைவுக்கும் இவ்விருப்பத்துக்கும் தன்மையில் வேறுபாடில்லை.

இங்கு இடதுசாரிகளின் நிலைப்பாட்டையும் நாம் தவிர்த்துச் செல்லவியலாது. 1948இற் குடியுரிமைச் சட்டத்தை வன்மையாக எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் அமைச்சரவையுள் நுழைந்தது. ஒப்பந்தம் அவ்வமைச்சரவையின் காலத்ததே. நாட்டின் மிகப் பெரிய பாட்டாளி வர்க்கத் திரள் பாராளுமன்றக் கணக்கிற் கைவிடப்பட்டமை இவ்வியக்கத்தின் வரலாற்றில் ஆறாத வடுவாகும்.

மக்கள் வழக்கு உத்தியோக வழக்கை ஏற்கவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை அவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். பிணத்தைச் சூழ்ந்து பாடுவது ஒப்பாரி. தாயகம் செல்வோரை எவரும் அவ்வாறு வழியனுப்புவதில்லை. அக்கரையிலும் சொல் பொருந்தவில்லை. இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, நீலகிரியில் மீண்டும் தேயிலை கொய்யச் சென்றோரை அவ்வூரார் அழைத்த பெயர் 'சிலோன்காரர்'. இங்கு இந்தியர், அங்கு சிலோன்காரர். இரு பெயர்களும் அந்நியனையே சுட்டின.

1984இற் கப்பற் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்த பலர் தோட்டங்களிலேயே எஞ்சினர். காகிதத்தில் இந்தியராகவும் வாழ்வில் இந்நாட்டினராகவும் கொழுந்து பறித்த அவர்கள், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை குடியுரிமைக்காகக் காத்திருக்க நேர்ந்தது.