"ஓடுச்சா?" - சில படங்கள், ஒரு கேள்வி

செமஸ்டர் லீவில் வேறு வேலை இல்லாததால் வரிசையாகப் படம் பார்த்துத் தள்ளினேன். பாதி காமெடி, மீதி கல்ட் படங்கள். (கல்ட் என்றால், ஊரே மறந்துவிட்டாலும் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் விடாமல் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் படம்.) பார்த்துவிட்டு யாரிடமாவது சொன்னால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஓடுச்சா?" நல்லா இருந்துச்சா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வி நம் சினிமா வரலாற்றில் எத்தனை முறை தப்பான பதிலைத் தந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வருட வரிசைப்படி போகிறேன்.

அந்த நாள் (1954)

ஏவிஎம் தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டையும் கிடையாது. படம் ஆரம்பித்த உடனேயே ஹீரோ சிவாஜி சுட்டுக் கொல்லப்படுகிறார்! அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். குரோசவாவின் 'ரஷோமான்' (1950) பாணி. இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பான் குண்டு போட்ட சமயத்தில் கதை நடக்கிறது. சிவாஜிக்குத் தேசத்துரோகி வேடம்.

பாட்டுக்காகவே தியேட்டருக்குப் போன காலம் அது. ஜனங்கள் ஏமாந்து போனதில் ஆச்சரியமே இல்லை, படம் ஓடவில்லை. ஆனால் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. இன்று தமிழ் சினிமாவின் மைல்கல் என்று யார் பட்டியல் போட்டாலும் இது இல்லாமல் இருக்காது. ஒரு சின்ன உள்ளூர்த் தகவல்: இந்தப் படம் 1954 ஏப்ரலில் வந்தபோது எங்கள் புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. கீழூர் வாக்கெடுப்பு நடந்து ஊர் கைமாறியது அதே வருடம் நவம்பர் 1-ஆம் தேதிதான்.

காதலிக்க நேரமில்லை (1964)

நகைச்சுவை என்றால் கதைக்கு நடுவே தனியாக ஒட்டிய துண்டு என்பதுதான் அதுவரை பெரும்பாலும் வழக்கம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தன் பகுதியைத் தானே எழுதித் தயார் செய்துகொண்டு வருவார் என்று படித்திருக்கிறேன். 'சபாபதி' (1941) மாதிரி முழுநீளக் காமெடி அபூர்வம். 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று ஊரையே அழவைத்த ஸ்ரீதர் திடீரென்று ஈஸ்ட்மென் கலரில் மூன்று மணி நேரம் சிரிக்க மட்டும் ஒரு படம் எடுத்தார். கூட எழுதியவர் சித்ராலயா கோபு. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது, தெலுங்குக்கும் இந்திக்கும் போனது.

பாலையாவிடம் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று. அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். பாதி சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. முதல் தடவை எனக்கு இது தெரியவே இல்லை.

நடுவில் ஒரு பிரெஞ்சுப் படம்: ப்ளேடைம் (1967)

பிரெஞ்சு ஊர்க்காரன் என்பதற்காக இல்லை, விஷயத்துக்குத் தேவைப்படுகிறது என்பதால் சொல்கிறேன். ழாக் தாத்தி என்ற நகைச்சுவைக் கலைஞர் பாரிஸ் அருகே கண்ணாடிக் கட்டடங்களாலான ஒரு குட்டி நகரத்தையே செட் போட்டு 70 எம்.எம்.மில் எடுத்த படம். வசனம் பேருக்குத்தான். ஒரே ஃபிரேமில் நாலு மூலையில் நாலு காமெடி நடக்கும், எதைப் பார்ப்பது என்று தெரியாது. படம் விழுந்தது. மனுஷன் கடனில் மூழ்கினார், தன் படங்களின் உரிமையையே இழந்தார். இன்று உலகின் சிறந்த படங்கள் என்று விமர்சகர்கள் போடும் பட்டியல்களில் அதே படம் இடம்பெறுகிறது. எனக்கு முதல் முறை தூக்கம்தான் வந்தது. இரண்டாம் முறை, அந்த ரெஸ்டாரன்ட் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து விழும் காட்சியில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மைக்கேல் மதன காமராஜன் (1990)

சிங்கீதம் சீனிவாசராவ், கிரேஸி மோகன், நாலு கமல். இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம். சாம்பாரில் மீன் விழும் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. கடைசியில் மலை விளிம்பில் வீடு ஆடுவது சாப்ளினின் 'கோல்ட் ரஷ்' (1925) படத்துக்கு ஒரு கும்பிடு. 1964-இல் அப்பாவிடம் பணம் கேட்டு அலைந்த அதே நாகேஷ், இதில் முதலாளியின் கணக்கில் கைவைத்துவிட்டு முழிக்கும் அவினாசி. கிரேஸி மோகனின் வசனம் ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019-இல் அவர் போய்விட்டார். வசனங்கள் இன்னும் எங்கள் ஹாஸ்டலில் தினமும் உலாத்துகின்றன.

அன்பே சிவம் (2003)

சுந்தர்.சி இயக்கம், கமல் கதை, மதன் வசனம். மழையால் விமானம் ரத்தாகி புவனேஸ்வரில் மாட்டிக்கொள்ளும் இரண்டு பேர், முகமெல்லாம் தழும்போடு ஒரு கம்யூனிஸ்ட், அவரைத் தீவிரவாதியோ என்று சந்தேகப்படும் ஒரு விளம்பரப்பட இளைஞன். முதல் பாதி சுத்தமான காமெடி. பொங்கலுக்கு வந்து சத்தமில்லாமல் போய்விட்டது. பிறகு டிவியில் போடப் போடத்தான் ஜனங்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நாசரின் முதலாளி பாத்திரம் கருப்பு வெள்ளையில் வரைந்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. இந்தப் படத்தில் சுனாமி என்ற சொல் வருகிறது. அன்று பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அர்த்தம் தெரிந்திருக்கும்? 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் கரையோர மீனவர் குப்பங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். காரைக்காலில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். படம் மாறவில்லை, பார்க்கிற நாம் மாறிவிட்டோம்.

ஆரண்ய காண்டம் (2011)

தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். தணிக்கையில் 52 வெட்டு கேட்டு இழுபறி, வந்த பிறகு தியேட்டரில் ஆள் இல்லை. அப்புறம் சிறந்த அறிமுக இயக்குநர், படத்தொகுப்பு என்று இரண்டு தேசிய விருது. ரவுடி படம்தான், ஆனால் ஒரே நாளில் நடக்கும் இந்தக் கதையில் வயிறு குலுங்கும் இடங்கள் நிறைய. கெட்ட வார்த்தை அதிகம், அப்பா அம்மாவோடு பார்க்காதீர்கள் :-)

நானும் ரௌடிதான் (2015)

விக்னேஷ் சிவன் படம், நம்ம ஊர்க் கதை. ரவுடியாக நடிக்கும் இன்ஸ்பெக்டர் மகன், பழிவாங்கத் துடிக்கும் காது கேளாத பெண். பழிவாங்கும் கதையையே கிண்டலாக்கிவிட்டார்கள். பார்த்திபனின் கிள்ளிவளவனைக் கொல்ல ஊரே போட்டிபோடுவது அட்டகாசம். இது ஓடிய படம். பாண்டிச்சேரி என்றாலே சரக்கு ஜோக் அடிக்கும் வழக்கத்துக்கு நடுவே, இங்கேயும் அம்மா பையன் என்று மனுஷர்கள் வாழ்கிறார்கள் என்று காட்டியதற்கு ஒரு நன்றி. ஆனால் காமிரா வழக்கம்போல மஞ்சள் சுவரையும் கடற்கரையையும் விட்டு ரொம்ப தூரம் நகரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓடாத படமெல்லாம் நல்ல படம் என்று நான் சொல்லவில்லை. மொக்கையாக இருந்து, நியாயமாகவே ஊத்திக்கொண்ட படங்கள்தான் அதிகம். நான் சொல்வது, முதல் வாரத்துக் கூட்டம் தீர்ப்பு அல்ல, வெறும் முதல் கருத்து. அந்த நாளும், அன்பே சிவமும், ஆரண்ய காண்டமும் இரண்டாம் வாய்ப்பில் ஜெயித்தவை.

ஆனால் இரண்டாம் வாய்ப்பு கிடைக்கப் படச்சுருள் இருக்க வேண்டுமே! தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட இன்று இல்லை. மௌனப் பட காலத்தில் தென்னிந்தியாவில் எடுத்தவற்றில் அநேகமாக எல்லாமே போய்விட்டன. ஓடி முடித்த படத்தைப் பத்திரமாக வைக்க யாருக்கும் தோன்றவில்லை, ஓடாத படத்தைக் கேட்கவே வேண்டாம். அதில் எத்தனை 'அந்த நாள்' இருந்ததோ? பார்த்துச் சொல்ல இனி வழியே இல்லை.

அதனால் அடுத்த முறை நான் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னால் "ஓடுச்சா?" என்று கேட்காதீர்கள். "இன்னும் இருக்கா, எங்க பாக்கலாம்?" என்று கேளுங்கள். பென்டிரைவோடு நானே வந்து தருகிறேன்.