சிவகங்கைச் சீமையும் நடத்தை வழக்குகளும்

காரைக்குடியையும் செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றையும் உள்ளடக்கிய சிவகங்கைச் சீமையின் ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829இல் மகனின்றி இறந்ததை அடுத்து மூண்ட வாரிசு வழக்கு, பல மன்றங்கள் ஏறி இறங்கி, பிரிட்டிஷ் இந்தியாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் 1863இல் அவருடைய மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. ஒருவர் தாமே அடைந்த தனிச்சொத்து, மகன் இல்லாதபோது தாயாதிகளுக்குப் போகாமல், முதலில் விதவைக்கும் அவருக்குப் பின் மகளுக்கும் சேரும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆண்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி வட்டித்தொழிலில் பொருளீட்ட, பெண்கள் ஊரில் வீட்டைக் காத்துவந்த நகரத்தார் நாட்டில் இவ்விதியின் கனம் சிறிதன்று.

ஆயினும் அவ்வுரிமைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கணவன் இறந்த வேளையில் மனைவி கற்புநெறி தவறாதவளாக இருந்திருக்க வேண்டும் என்று அன்றைய இந்து சட்டம் கோரியதால், சொத்துக்கு ஆசைப்பட்ட தாயாதி அவளது நடத்தையைப் பழித்துச் சாட்சி தேட வழி பிறந்தது. ஆண் வாரிசின் நடத்தையையோ எவரும் கேட்கவில்லை. ஒருமுறை விதவையின் கைக்கு வந்த சொத்து பிற்காலக் குற்றச்சாட்டால் பறிபோகாது என்று, அசாமிலிருந்து சென்ற மணிராம் கொலிதா வழக்கில், 1880இல் பிரிவி கவுன்சில் வரம்பு கட்டியது. நிபந்தனை முற்றிலும் ஒழிந்தது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவால்தான்.

குற்றவியல் வழக்குகளில் இதே ஓரவஞ்சனை இன்னும் வெளிப்படையாக நின்றது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவர் தமது நல்லொழுக்கத்துக்குத் தாமே சாட்சியம் கொண்டுவந்தாலன்றி, அவருடைய தீய ஒழுக்கத்தைப் பொதுவாக வழக்குக்குத் தொடர்பற்றதாக்கியது. பழைய கெட்ட பெயரைக் காட்டி ஒருவரைப் புதிய குற்றத்துக்குத் தண்டிக்கக் கூடாது என்னும் அக்கொள்கை முற்றிலும் சரியானது. ஆனால் அதே சட்டத்தின் 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, பாலியல் வன்புணர்வு வழக்கில் புகார் அளித்த பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவளது சாட்சியத்தைக் குலைக்க எதிர்த்தரப்புக்கு இடமளித்தது. ஆணுக்குத் தந்த கேடயம் தவறன்று, பெண்ணுக்கு அதை மறுத்ததே தவறு; ஆகவே பெண்ணுக்கு நீதி வேண்டுவோர் குற்றஞ்சாட்டப்பட்டவரின் கேடயத்தைப் பிடுங்க வேண்டும் என்று வாதிட்டால், அது பழைய ஓரவஞ்சனையைத் திசைமாற்றுவதாக மட்டுமே அமையும். அந்த உட்பிரிவு நீங்க 130 ஆண்டுகள் ஆயின; 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே அதை அகற்றியது.

சட்டத்திலிருந்து நீங்கியது மருத்துவமனை அறையிலிருந்து உடனே நீங்கிவிடவில்லை. பெண் முன்பே உடலுறவுக்குப் பழகியவளா என்று விரல்களால் பரிசோதித்துக் குறிப்பெழுதும் இரு விரல் சோதனை, அவளது அந்தரங்க உரிமையை மீறுவதாக 2013இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த பின்னும் தொடர்ந்தது. சிவகங்கை மாவட்ட வழக்குகளும் மேல்முறையீட்டுக்குச் செல்லும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2022இல் அதைத் தடைசெய்யுமாறு மாநில அரசுக்கு உத்தரவிட நேர்ந்தது.

நடத்தையைக் கொண்டு உரிமையை அளக்கும் வழக்கம் இன்றும் முழுமையாக ஒழியவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, பிறருடன் தகாத உறவில் வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்னும் பழைய விதியை அப்படியே வைத்திருக்கிறது; கணவன் வேறொரு பெண்ணை வைத்திருந்தால், மனைவி அவனுடன் வாழ மறுப்பதற்கு அது தக்க காரணமாகும் என்பதோடு அப்பிரிவு நின்றுவிடுகிறது.