முன்ஷியும் முதல்வரும்: மொழியாசிரியரின் தன்னம்பிக்கை குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மொழியாசிரியர்களிடம் தன்னம்பிக்கை குறைந்துவருகிறது என்ற கவலை கல்வித்துறைக் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கிறது. அதற்குத் தீர்வாகப் பெரும்பாலும் பயிற்சி முகாம்களே பரிந்துரைக்கப்படுகின்றன. தன்னம்பிக்கை ஆசிரியரின் மனத்துக்குள் மட்டுமே விளைவது என்ற எண்ணம் இப்பரிந்துரையின் அடியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் மொழிக்கல்வி வரலாற்றை வாசிப்போருக்கு இவ்வெண்ணம் ஐயத்துக்குரியதாகத் தோன்றும்.

1800ஆம் ஆண்டு கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஃபோர்ட் வில்லியம் கல்லூரியை நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அலுவலர்களுக்கு இந்திய மொழிகளைக் கற்பிப்பது அதன் முதன்மைப் பணி. பேராசிரியர் பதவிகளில் ஐரோப்பியர் அமர்ந்தனர்; முன்ஷிகளும் பண்டிதர்களும் அவர்களுக்குக் கீழே பணியாற்றினர். 1801இல் வங்காள மொழித்துறையின் பொறுப்பேற்ற வில்லியம் கேரிக்கு மாத ஊதியம் 500 ரூபாய். தலைமைப் பண்டிதர் மிருத்யுஞ்சய வித்யாலங்காரருக்கு 200 ரூபாய். கேரி இந்தியா வந்த 1793ஆம் ஆண்டிலேயே அவருக்கு வங்காளம் கற்பித்த ராம்ராம் பாசுவுக்கு 40 ரூபாய். கற்றுக்கொண்டவரின் ஊதியம் கற்பித்தவரின் ஊதியத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது.

ஆயினும் இந்தக் கீழ்ப்படிநிலையிலிருந்துதான் நவீன உரைநடை எழுந்தது. வகுப்பறைக்கு ஏற்ற வங்காள உரைநடை நூல்கள் அன்று இல்லை. எனவே கற்பித்தவர்களே எழுத வேண்டியதாயிற்று. ராம்ராம் பாசுவின் ‘ராஜா பிரதாபாதித்ய சரித்திரம்’ 1801இல் அச்சேறியது. வித்யாலங்காரரின் ‘பத்ரிஸ் சிம்மாசன்’ 1802இலும் ‘ராஜாவலி’ 1808இலும் வெளிவந்தன. இந்துஸ்தானித் துறையில் ஜான் கில்கிறிஸ்டின் கீழ் மீர் அம்மன் ‘பாக்-ஓ-பஹார்’ எழுதினார். லல்லு லால் ‘பிரேம்சாகர்’ எழுதத் தொடங்கினார். இவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் தம் மொழியில் எத்துணைப் புலமை காட்டினும் பேராசிரியர் பதவி இவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. திறமையும் அதிகாரமும் வெவ்வேறு கைகளில் இருந்தன.

வித்யாலங்காரர் 1816இல் கல்லூரியை விட்டு விலகி, உச்ச நீதிமன்றப் பண்டிதரானார். அடுத்த ஆண்டில் உடன்கட்டை ஏறுதல் குறித்து அவர் அளித்த சாத்திரக் கருத்து குறிப்பிடத்தக்கது. அது கட்டாயக் கடமையன்று என்றும், கைம்பெண்ணுக்குத் துறவொழுக்க வாழ்வே மேலானது என்றும் அவர் எழுதினார். பிறர் வகுத்த பாடத்துக்கு நூல் எழுதிவந்த பண்டிதர், தம் கருத்துக்கு மதிப்புள்ள ஓர் இடத்தை அடைந்தபின் சமூகத்தின் மிகக் கடினமான வினா ஒன்றுக்குத் தம் பெயரிலேயே விடை கூறினார்.

அதே கல்லூரியில் 1841இல் 50 ரூபாய் ஊதியத்தில் பண்டிதராகச் சேர்ந்தவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். பின்னர்ச் சமஸ்கிருதக் கல்லூரியின் துணைச் செயலாளரானார். பாடத்திட்டத்தைச் சீர்திருத்த அவர் முன்வைத்த யோசனைகள் ஏற்கப்படாதபோது, 1847இல் அப்பதவியைத் துறந்தார். அவ்வாறு துறக்க முடிந்ததற்கு அவருடைய இயல்பான துணிவு மட்டும் காரணமன்று. மதன்மோகன் தர்காலங்காருடன் இணைந்து அவர் தொடங்கிய அச்சகம் இருந்தது. அவரே எழுதிய பாடநூல்கள் இருந்தன. பதவியை மட்டும் நம்பி வாழ வேண்டிய நிலையில் அவர் இல்லை.

1851இல் அதே சமஸ்கிருதக் கல்லூரிக்கு முதல்வராகத் திரும்பியபோது பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. 1855இல் கிராமப்புற மாதிரிப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, சிறந்த உரைநடையாளரான அட்சய குமார் தத்தரை அதன் தலைமையாசிரியராக்கினார். வங்காள மொழியைக் கற்பிக்கப் போகிறவர்கள் அம்மொழியில் எழுதிப் பெயர்பெற்ற ஒருவரிடமே பயின்றனர். கல்வித்துறை மேலதிகாரிகளுடன் கருத்து வேறுபாடு முற்றியபோது, 1858இல் 500 ரூபாய் ஊதியத்தை விட்டு வித்யாசாகர் வெளியேறினார்.

ராம்ராம் பாசுவுக்கும் வித்யாசாகருக்கும் இடையிலான தொலைவைத் தனிமனித இயல்பைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. ஒருவர் எழுதினார், எதை எழுதுவது என்பதைப் பிறர் தீர்மானித்தனர். மற்றவர் எழுதினார், அச்சிட்டார், பாடத்திட்டத்தை வகுத்தார், உடன்படாதபோது மறுத்தார். தன்னம்பிக்கை இச்செயல்களுக்கு முன்நிபந்தனையாக மட்டும் இருக்கவில்லை. இச்செயல்களாலேயே அது வளர்ந்தது.

இன்று ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரையும், மேலிருந்து வரும் பாடக்குறிப்பை வரிபிசகாமல் நடத்த வேண்டிய பள்ளி மொழியாசிரியரையும் இவ்வரலாற்றின் அருகில் நிறுத்திப் பார்க்கலாம். ஒருநாள் பயிற்சி அவர்களுக்குச் சிறிது ஊக்கம் அளிக்கக்கூடும். பாடநூல் குழுவில் ஓரிடமும், பணிப் பாதுகாப்பும், மறுப்புரைக்கும் உரிமையும் அளிக்கக்கூடிய நம்பிக்கையை அப்பயிற்சி அளிக்காது. மொழிக்கல்வி வரலாற்றை ஆராயும் மாணவர்கள் பாடநூல்களோடு ஊதியப் பட்டியல்களையும் நியமன ஆணைகளையும் ராஜினாமாக் கடிதங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆசிரியர் தம்மை எவ்வாறு மதித்தார் என்பதற்கான சான்று பல வேளைகளில் அவற்றில்தான் இருக்கிறது.