திருச்சபையின் சொத்துக் கணக்கு

கி.பி. 258-ல் ரோமப் பேரரசர் வலேரியன் ஓர் ஆணை போட்டார்: ஆயர், குரு, திருத்தொண்டர் யாராக இருந்தாலும் மரண தண்டனை. ஆகஸ்ட் 6-ம் தேதி போப் இரண்டாம் சிக்ஸ்துஸ் கொல்லப்பட்டார். அவருடைய திருத்தொண்டர் லாரன்ஸ் மிஞ்சியிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததாக மரபு சொல்வது இது. திருச்சபையின் சொத்தையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள் அதிகாரிகள். லாரன்ஸ் அவகாசம் கேட்டார். குறித்த நாளில் ஏழைகளைக் கூட்டி வந்து நிறுத்தி, எங்கள் செல்வம் இவர்கள்தான் என்றார். ஆகஸ்ட் 10-ம் தேதி அவரும் கொல்லப்பட்டார்.

இது பின்னால் கட்டிய கதையோ என்று சந்தேகம் வரலாம். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. 251-ஐ ஒட்டி போப் கொர்நேலியுஸ் எழுதிய கடிதத்தின்படி, ரோமத் திருச்சபையில் குருக்கள் 46 பேர், திருத்தொண்டர்கள் 7 பேர். அது பராமரித்த விதவைகளும் ஏழைகளும் 1500 பேருக்கு மேல்! பணம் எங்கே போனது என்று இதிலேயே தெரிகிறது.

நூறு ஆண்டுக்கு மேல் கழித்து இந்தக் கதையை எழுதிவைத்தவர்களில் ஒருவர் மிலான் ஆயர் அம்புரோஸ். அவருக்கு அது தேவைப்பட்டது. 378-ல் அட்ரியானோப்பிள் போரில் ரோமர்கள் கோத்தியரிடம் தோற்றார்கள். அந்தக் காலத்தில் சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்க அவர் கோயிலின் புனிதப் பாத்திரங்களை உருக்கினார். எதிர்த்தரப்பினர் அதைக் குற்றம் என்றார்கள். அம்புரோஸ் லாரன்ஸைக் காட்டிப் பதில் சொன்னார்.

விசுவாசிகள் கடவுள் தந்த பொக்கிஷம் என்று பிரசங்கத்தில் சொல்வது சுலபம். அதற்காகப் பொன்னை உருக்கியதால்தான் அம்புரோஸ் பழி கேட்க வேண்டியிருந்தது.