கிரயம்

'விலை' என்பது 'வில்' என்ற வினையடியில் பிறந்தது. விற்பவர் பக்கத்துச் சொல். 'கிரயம்' வாங்குதலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. விற்றலுக்கு வடமொழியில் 'விக்கிரயம்' என்று தனிச்சொல் உண்டு. தமிழில் கிரயம் விற்பனையையும் குறிக்கிறதே, பிறப்பை ஏன் தோண்ட வேண்டும் என்று கேட்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய மனைக்கு முன்பணம் கொடுத்து, ஒப்பந்தத்தையே கைமாற்றிவிட நினைக்கும் புதியவருக்கு அந்தப் பிறப்புதான் முதல் பாடம். உரிமையாளர் சொல்வது விலை. கடைசியில் வாங்குபவர் தருவதே கிரயம். லாபமோ நட்டமோ இந்த இடைவெளியில்தான். வழிகாட்டி மதிப்பு இருக்கிறதே என்றால், அது முத்திரைத்தீர்வைக்கான அளவு. வாங்குபவரின் மனத்தைச் சொல்லாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் உரிமை தராது. உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம்தான், மனை அல்ல; கடைசியில் வாங்குபவர் வந்தால்தான் லாபம். ஆகவே அந்த வாங்குபவரின் கணக்கிலிருந்து தொடங்குங்கள். வில்லங்கச் சான்றைப் பார்த்த பிறகே முன்பணத்தைக் கொடுங்கள்.